மூன்று நிமிடச் செய்தி போதும்: பாட்காஸ்ட்டை வைத்துக் குழந்தைகளுக்கு வாசிக்கவும் எழுதவும் சொல்லிக்கொடுப்பது எப்படி

செய்தி பாட்காஸ்ட்டைப் போட்டுவிட்டால் குழந்தைக்கு வாசிப்பு தானாக வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வராது. கேட்கிற குழந்தை கேட்கத்தான் கற்றுக்கொள்ளும். ஆனால் அதே செய்தியில் ஒரு சின்னத் துண்டை எடுத்து, முதலில் காதால் கேட்க வைத்து, அப்புறம் அதையே தாளில் கண்ணால் பார்க்க வைத்து, கடைசியில் அதைப் பற்றிக் கையால் எழுத வைத்தால், ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரைக்கும் இதைவிட மலிவான, சுலபமான கருவி கிடைப்பது கஷ்டம். இந்தக் கட்டுரை முழுவதும் அந்த மூன்றையும் எப்படிக் கோர்ப்பது என்பதைப் பற்றித்தான்.

ஏன் இப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் மட்டும் சொல்லிவிடுகிறேன். 1986இல் பிலிப் காஃப், வில்லியம் டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள்: எழுத்துக்கூட்டும் திறன் ஒரு பக்கம், மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் இன்னொரு பக்கம், இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் வாசித்துப் புரிந்துகொள்வது. கூட்டல் இல்லை, பெருக்கல். ஏதாவது ஒன்று பூஜ்ஜியமாக இருந்தால் விடையும் பூஜ்ஜியம்தான். பாட்காஸ்ட் இந்த இரண்டாவது பக்கத்தை நன்றாக வளர்க்கும், முதல் பக்கத்தைத் தொடவே தொடாது. அதனால்தான் தாள் இல்லாமல் பாட்காஸ்ட் மட்டும் போடுகிற வகுப்பு சந்தோஷமான வகுப்பாக இருக்குமே தவிர வாசிப்பு வகுப்பாக இருக்காது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தொடக்கப் பள்ளி வயதில் பெரும்பாலான குழந்தைகளால் தாங்களே வாசித்துப் புரிந்துகொள்வதைவிட அதிகமாகக் கேட்டுப் புரிந்துகொள்ள முடியும். எட்டு வயதுக் குழந்தை எரிமலை வெடிப்பைப் பற்றிப் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டு ஆயிரம் கேள்வி கேட்கும், ஆனால் அதன் கையில் இருக்கும் வாசிப்புப் புத்தகத்தில் இன்னும் பூனை பாயில் படுத்துக்கொண்டிருக்கும். அந்த இடைவெளியில் நுழைவதற்குச் செய்தி நல்ல வழி.

எதைத் தேர்ந்தெடுப்பது

முதல் விதி, முழு எபிசோடைப் போடாதீர்கள். பத்து நிமிட எபிசோடில் நான்கு செய்தி இருந்தால் அதில் ஒன்று போதும். சின்ன வகுப்புக்கு ஒன்றரை நிமிடம், பெரிய வகுப்புக்கு மூன்று நிமிடம். இதற்கு மேல் போனால் குழந்தைகள் கவனிக்கிற மாதிரி உட்கார்ந்திருப்பார்கள், அவ்வளவுதான்.

குழந்தைகளுக்கென்றே ஆங்கிலத்தில் செய்தி பாட்காஸ்ட்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் கிட்நஸ், ஆஸ்திரேலியாவில் ஸ்க்விஸ் கிட்ஸ் ஆகியவை பள்ளி வயதினருக்காகவே தயாராகிறவை. பிரெஞ்சில் சலூ லாங்ஃபோ இருக்கிறது. ஆங்கில வகுப்புக்கு இவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், ஆனால் பேச்சு கொஞ்சம் வேகம், குழந்தைகளின் காது பழக நாளாகும். தமிழ் வகுப்பு என்றால் எஸ்பிஎஸ் தமிழ் மாதிரி வானொலிகள் பாட்காஸ்ட்டாகப் போடும் செய்திகளிலிருந்து ஒரு துண்டைப் பிரித்தெடுப்பதுதான் நடைமுறை. பெரியவர்களுக்கான செய்தி என்றாலும் கவலை இல்லை. ஒரு கப்பல், ஒரு விலங்கு, ஒரு விண்கலம், ஒரு விளையாட்டு, ஒரு புயல், இப்படி ஒரே பொருளைச் சுற்றி நிற்கிற செய்தியாக இருந்தால் குழந்தை பிடித்துக்கொள்ளும். ‘பேச்சுவார்த்தையில் முன்னேற்றம்’ வகைச் செய்திகளைத் தொடவே வேண்டாம்.

தமிழில் செய்கிறவர்களுக்கு ஒரு விஷயம். இப்போது வரும் பாட்காஸ்ட்களில் பல அரட்டை நடையில்தான் இருக்கின்றன. கேட்க ஜாலியாக இருக்கும், ஆனால் வாசிப்புப் பயிற்சிக்கு எழுத்துத் தமிழில் வாசிக்கப்படும் செய்தியையே எடுங்கள். வீட்டில் ‘வந்துட்டாங்க’ என்று பேசுகிற குழந்தைக்குத் தாளில் இருக்கும் ‘வந்துவிட்டார்கள்’ கிட்டத்தட்ட வேறு மொழி. அது காதில் விழுந்து பழகினால்தான் கண்ணில் படும்போது தட்டுத்தடுமாறாமல் வாசிக்கும். இந்த நடையைக் குழந்தை தொடர்ந்து கேட்பதற்குப் பாடப்புத்தகத்தை விட்டால் செய்தி வாசிப்பைப்போல வேறு வாய்ப்பு அதிகம் இல்லை.

நீங்கள் முதலில் கடைசிவரை கேட்டுவிடுங்கள். தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுப் போட்டால், யானைக்குட்டியைப் பற்றிய செய்தி என்று நினைத்தது பாதியில் வேட்டைக்காரர்கள் பக்கம் போய்விடும். போர், குழந்தைகள் இறந்த செய்தி, பலாத்காரம் எல்லாம் வேண்டாம். துயரமான செய்தியே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். புயலைப் பற்றிக் குழந்தைகள் எப்படியும் கேள்விப்படுவார்கள், அதை ஒரு பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது கேட்பது நல்லதுதான். ஆனால் துயரச் செய்தியை எடுத்தால் அதில் உதவி செய்தவர்களைப் பற்றிய பகுதியும் இருக்க வேண்டும், கேட்டு முடித்ததும் பேச நேரமும் இருக்க வேண்டும். வகுப்பு முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது போடக்கூடாது.

தொழில்நுட்பத்தில் இரண்டு மூன்று சங்கதிகளில் பலர் மாட்டிக்கொள்வார்கள். பல பாட்காஸ்ட்களில் விளம்பரம் கேட்கும் நேரத்தில்தான் செருகப்படும், அதனால் நேற்று நீங்கள் கேட்ட விளம்பரமும் இன்று வகுப்பில் ஒலிக்கும் விளம்பரமும் வேறாக இருக்கலாம். அந்தத் துண்டை முன்கூட்டியே பதிவிறக்கி, அந்தக் கோப்பையே போடுங்கள். நேரக்கணக்கும் மாறாது, இணையம் போனாலும் கவலை இல்லை. செயலியில் அடுத்த எபிசோட் தானாக ஓடும் வசதியை அணைத்துவிடுங்கள். அப்புறம் ஒலிபெருக்கியை முன்னால் மேசைமேல் வைக்காமல் வகுப்பின் நடுவில் வைத்துப் பாருங்கள், கடைசி வரிசையில் இருப்பவர்களின் முகமே மாறும்.

வேகமாக இருக்கிறதே, வேகத்தைக் குறைத்துப் போடலாமா என்று கேட்பீர்கள். லேசாகக் குறைக்கலாம். ரொம்பக் குறைத்தால் குரல் இழுபட்டு, குழந்தைகள் அந்தக் குரலைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே இருப்பார்கள். அதைவிட, வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்துவது நல்லது. இந்த வேலையில் உங்கள் முக்கியமான ஆயுதமே அந்த நிறுத்தும் பொத்தான்தான்.

தாள் தயாராகாமல் ஆரம்பிக்காதீர்கள்

ஒலியின் எழுத்து வடிவம் கட்டாயம் வேண்டும். ஆப்பிள் பாட்காஸ்ட்ஸில் 2024 மார்ச்சிலிருந்து எழுத்து வடிவம் தானாகவே கிடைக்கிறது, ஆனால் ஆங்கிலம் மாதிரி சில மொழிகளில்தான் அதை ஆரம்பித்தார்கள். யூடியூபில் இருக்கும் செய்திகளிலும் பல நேரம் எழுத்து வடிவத்தை எடுக்க முடியும். எங்கிருந்து எடுத்தாலும் பெயர்களையும் எண்களையும் சரிபார்க்காமல் குழந்தை கையில் கொடுக்காதீர்கள், இயந்திரம் அந்த இரண்டு இடத்தில்தான் அதிகம் சொதப்பும். தமிழில் என்றால் ல, ள, ழ குழப்பத்தையும், விட்டுப்போன ஒற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எதுவும் கிடைக்கவில்லையா? நீங்களே கேட்டு எழுதிவிடுங்கள். பயப்பட வேண்டாம், ஆறேழு வாக்கியம்தான் தேவை. ஆங்கிலத்தில் செய்தி வாசிப்பவர் நிமிடத்துக்குச் சுமார் 150 சொற்கள் பேசுவார், தமிழில் சொற்கள் நீளம் என்பதால் எண்ணிக்கை இன்னும் குறையும். ஒரு நிமிடத் துண்டு பெரிய எழுத்தில் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். வரிகளுக்கு நடுவே விரல் வைக்க இடம் விட்டு அச்சடியுங்கள்.

வாக்கியங்களைச் சுருக்கலாமா, எளிமையாக்கலாமா? எளிமையாக்காதீர்கள், வெட்டுங்கள். கடினமான வாக்கியத்தை உங்கள் சொல்லில் மாற்றி எழுதினால் காதில் விழுவதும் கண்ணில் படுவதும் ஒத்துப்போகாது, இந்த முறையின் பலனே போய்விடும். வேண்டாத வாக்கியம் இருந்தால் ஒலியிலும் வெட்டுங்கள், தாளிலும் வெட்டுங்கள்.

ஒரு செய்தியை எடுத்துக்கொண்டு செய்து பார்ப்போம்

பழைய செய்தி பரவாயில்லை. ஏழு வயதுக் குழந்தைக்கு அதற்கு விவரம் தெரிவதற்கு முன்னால் நடந்தது எல்லாமே புதுச் செய்திதான். 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் கப்பல் சிக்கிய செய்தியை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் பெரிய பொருள் ஒன்று சின்ன இடத்தில் மாட்டிக்கொள்வது எந்தக் குழந்தைக்கும் உடனே புரியும். தாளில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

“எகிப்தில் உள்ள சூயஸ் கால்வாயில் மிகப் பெரிய சரக்குக் கப்பல் ஒன்று குறுக்கே சிக்கிக்கொண்டது. எவர் கிவன் என்ற அந்தக் கப்பலின் நீளம் சுமார் 400 மீட்டர். மார்ச் 23ஆம் தேதி பலத்த காற்று வீசியபோது கப்பல் கரையில் மோதித் தரைதட்டியதாகக் கூறப்படுகிறது. இதனால் கால்வாயில் போக்குவரத்து முற்றிலும் தடைபட்டது. நூற்றுக்கணக்கான கப்பல்கள் காத்து நின்றன. மீட்புக் குழுவினர் மணலைத் தோண்டியும் இழுவைப் படகுகளால் இழுத்தும் முயன்றனர். ஆறு நாட்களுக்குப் பிறகு, மார்ச் 29ஆம் தேதி, கப்பல் மீண்டும் மிதந்தது.”

கேட்பதற்கு முன். கரும்பலகையில் நான்கு சொல் மட்டும் எழுதுங்கள்: கப்பல், கால்வாய், காற்று, மணல். “என்ன நடந்திருக்கும், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள்” என்று ஒரு நிமிடம் விடுங்கள். யூகம் தப்பாக இருந்தாலும் திருத்தாதீர்கள். தான் சொன்னது சரியா என்று பார்ப்பதற்காகவே குழந்தை காதைத் தீட்டிக்கொள்ளும். அப்புறம் வரைபடத்தில் சூயஸ் எங்கே இருக்கிறது என்று காட்டி, அந்தக் கால்வாய் இல்லாவிட்டால் கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக வேண்டும் என்பதை விரலால் இழுத்துக் காட்டுங்கள்.

இந்த முன்னுரையை வெட்டி மிச்சம் பிடிக்கலாம் என்று தோன்றும். வேண்டாம். 1988இல் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி இருவரும் செய்த பேஸ்பால் ஆய்வு வாசிப்பு உலகில் பிரபலம். பேஸ்பால் ஆட்டம் ஒன்றைப் பற்றிய பத்தியை மாணவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நன்றாக வாசிப்பவர்கள், ஆனால் பேஸ்பால் தெரியாதவர்கள் ஒரு பக்கம். வாசிப்பில் பின்தங்கியவர்கள், ஆனால் பேஸ்பால் தெரிந்தவர்கள் இன்னொரு பக்கம். புரிந்துகொள்வதிலும் நினைவில் வைப்பதிலும் பின்தங்கியவர்கள் என்று சொல்லப்பட்டவர்களே முன்னால் நின்றார்கள். விஷயம் தெரிந்தால் வாசிப்பு சுலபமாகும். செய்தியைக் கேட்கிற குழந்தை நாளைக்கு வாசிக்கப்போகும் பத்து விஷயங்களுக்கான அறிவை இன்றைக்கே சேர்த்துவைக்கிறது என்பதும் இதிலிருந்து வருகிறதுதான்.

முதல் தடவை கேட்கும்போது பென்சில் கீழே இருக்கட்டும், தாளும் கொடுக்க வேண்டாம். ஒரே ஒரு கேள்வி, அதுவும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்: “என்ன மாட்டிக்கொண்டது?” முழுவதும் ஓடட்டும். நடுவில் நிறுத்தாதீர்கள். முடிந்ததும் இரண்டு பேர் சொல்லட்டும், போதும்.

இரண்டாம் தடவை வகுப்பை ஆறு குழுவாகப் பிரியுங்கள். யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி. ஒரு குழுவுக்கு ஒரு கேள்வி. இந்த முறை வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்துங்கள். ‘எப்போது’ குழு தேதி வந்ததும் கையைத் தூக்கும், ‘ஏன்’ குழு காற்று வந்ததும் குதிக்கும். ‘யார்’ குழுவுக்குத்தான் சிக்கல், ஏனென்றால் இந்தச் செய்தியில் ஆள் பெயரே இல்லை. கப்பலா, மீட்புக் குழுவா என்று சண்டை வரும். வரட்டும், விடுங்கள். செய்தியில் முக்கியமானவர் யார் என்பதைக் குழந்தைகள் தாங்களாகவே வாதாடிக் கண்டுபிடிப்பது நீங்கள் நடத்தும் எந்தப் பாடத்தையும்விட நன்றாக மனதில் நிற்கும்.

மூன்றாம் தடவைதான் தாள். ஒலி ஓடும்போது ஒவ்வொரு சொல்லின் கீழும் விரல் நகர வேண்டும். இங்கேதான் உண்மையான வாசிப்பு வேலை நடக்கிறது, ஆனால் அவசரப்பட்டு ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் வெட்டுகிறார்கள். ‘தரைதட்டியதாகக்’ என்பதை எழுத்துக்கூட்டி வாசிக்க முயன்றால் குழந்தை பாதியில் மூச்சு வாங்கும். ஆனால் அந்தச் சொல் ஏற்கெனவே இரண்டு தடவை காதில் விழுந்திருப்பதால் கண் பார்த்ததும் நாக்குக்கு வந்துவிடும். விரல் எங்கே பின்தங்குகிறது என்று கவனியுங்கள். யாருக்கு எந்த எழுத்தில் தடங்கல் என்பது தனியாகச் சோதனை வைக்காமலே தெரிந்துவிடும்.

நான்காவதாக ஒலியை அணைத்துவிட்டு அவர்களே வாசிக்கட்டும், ஆளுக்கு ஒரு வாக்கியம், செய்தி வாசிப்பவர் மாதிரியே. வாசித்ததையே திரும்பத் திரும்ப வாய்விட்டு வாசிப்பது சரளத்துக்கு நல்லது என்பது பழைய விஷயம்தான், ஆனால் பாடப்புத்தகப் பத்தியை நான்கு தடவை வாசிக்கச் சொன்னால் முகம் சுளிக்கிற குழந்தை செய்தியாளர் வேஷம் கட்டச் சொன்னால் ஆறு தடவை வாசிக்கும். எங்கே குரல் ஏறுகிறது, காற்புள்ளியில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதையெல்லாம் கேட்ட குரலிலிருந்தே பிடித்துக்கொள்வார்கள்.

இதையெல்லாம் ஒரே நாளில் திணிக்க வேண்டாம். திங்கள் கேட்கிறோம், புதன் வாசிக்கிறோம், வெள்ளி எழுதுகிறோம் என்று ஒரே செய்தியை வாரம் முழுக்க வைத்துக்கொண்டால் தாராளம். தினமும் ஒரு புதுச் செய்தி என்று ஓடினால் எதுவுமே ஒட்டாது.

எந்தச் சொல்லில் நிற்பது

இந்தச் செய்தியில் தெரியாத சொல் ஏழெட்டு இருக்கும். எல்லாவற்றுக்கும் அர்த்தம் சொல்லிக்கொண்டிருந்தால் கப்பல் மறுபடியும் சிக்கிவிடும். இஸபெல் பெக் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் சொற்களை மூன்று அடுக்காகப் பிரிப்பார்கள்: எல்லோருக்கும் தெரிந்த அன்றாடச் சொல், பல பாடங்களிலும் திரும்பத் திரும்ப வரும் பொதுவான எழுத்துச் சொல், ஒரு துறைக்கு மட்டுமே உரிய சொல். உங்கள் நேரத்தை நடு அடுக்குக்குக் கொடுங்கள். ‘இழுவைப் படகு’ மூன்றாம் அடுக்கு, படத்தைக் காட்டி ஒரு வரியில் சொல்லிவிட்டு நகருங்கள். ‘தடைபட்டது’, ‘முற்றிலும்’, ‘முயன்றனர்’ மூன்றும் நடு அடுக்கு. நாளைக்கு அறிவியல் பாடத்திலும், மறுநாள் வரலாற்றிலும், அதற்கு அடுத்த நாள் கதையிலும் இவை வரும்.

ஒரு செய்திக்கு மூன்று சொல்லுக்கு மேல் வேண்டாம். அகராதி விளக்கத்தை எழுதிப்போடுவதால் பெரிய பலன் இல்லை. “உங்களுக்கு எது தடைபட்டது என்று ஒரு வாக்கியம் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். மழையால் ஆட்டம் தடைபட்டது, மின்சாரம் போய்ப் படம் தடைபட்டது என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். அந்தச் சொல்லை அடுத்த வாரம் இன்னொரு செய்தியில் கேட்டதும் யாராவது “டீச்சர், தடைபட்டது!” என்று கத்தினால் அது குழந்தையின் சொந்தச் சொல்லாகிவிட்டது என்று அர்த்தம். அதனால் அடுத்த செய்தியைத் தேர்ந்தெடுக்கும்போது பழைய சொல் ஒன்றாவது அதில் வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுத வைப்பது

சின்னதிலிருந்து ஆரம்பிக்கலாம். ஒலியை ஒரு முறை ஓட்டிவிட்டு, ஐந்து சொல்லுக்குள் தலைப்பு எழுதச் சொல்லுங்கள். “கால்வாயில் மாட்டிய ராட்சதக் கப்பல்” என்று எழுதுகிறவரும் இருப்பார், “கப்பல்” என்று ஒரே சொல்லில் முடிக்கிறவரும் இருப்பார். எல்லாத் தலைப்பையும் பலகையில் போட்டு, எதைப் படித்தால் செய்தியைக் கேட்கத் தோன்றுகிறது என்று ஓட்டுப் போடுங்கள். சுருக்கி எழுதுதல் என்ற பெரிய பாடத்தை இதைவிட வலியில்லாமல் நடத்த முடியாது.

தாளை வாக்கிய வாக்கியமாக வெட்டிக் கலைத்துப் போட்டு, வரிசையாக அடுக்கச் சொல்வது அடுத்தது. ‘இதனால்’, ‘அந்தக் கப்பலின்’, ‘ஆறு நாட்களுக்குப் பிறகு’ போன்ற இணைப்புகளைப் பிடித்துக்கொண்டுதான் அடுக்க முடியும் என்பதைக் குழந்தைகள் தாங்களே கண்டுபிடிப்பார்கள்.

மூன்றாம் வகுப்புக்கு மேல் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று இருக்கிறது. நம் ஊர்களில் எல்லோருக்கும் தெரிந்த ‘சொல்வதை எழுதுதல்’ இருக்கிறதல்லவா, அதையே கொஞ்சம் திருப்பிப் போட்டது. இரண்டு மூன்று வாக்கியங்களைச் சாதாரண வேகத்தில் போடுங்கள், எழுத விடாதீர்கள். இரண்டாம் முறை போடும்போது முக்கியச் சொற்களை மட்டும் குறித்துக்கொள்ளலாம். பிறகு மூன்று பேராகச் சேர்ந்து, அந்தக் குறிப்பை வைத்து அந்தப் பத்தியை மறுபடி கட்டி எழுத வேண்டும். டிக்டோகிளாஸ் என்று இதற்குப் பெயர், வெளிநாட்டு மொழி வகுப்புகளில் நன்றாகப் பழகியது. அசலோடு வார்த்தைக்கு வார்த்தை ஒத்துப்போக வேண்டியதில்லை, பொருள் மாறாமல், இலக்கணம் சரியாக இருந்தால் போதும். கடைசியில் தாளைக் கொடுத்து ஒப்பிடச் சொன்னால், “நாங்கள் ‘முயற்சி செய்தார்கள்’ என்று எழுதினோம், அவர்கள் ‘முயன்றனர்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள்” என்று பேச்சு வரும். ல, ள, ழ தப்பும் ஒற்றுப் பிழையும் அங்கேதான் தெரியும், அதையும் அவர்களே திருத்துவார்கள். சிவப்புப் பேனாவை அதுவரை வெளியே எடுக்காதீர்கள்.

இன்னொன்று தமிழுக்கே உரிய பயிற்சி. முதலில் செய்தியை வீட்டில் பேசுகிற மாதிரியே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல வேண்டும்: “ஒரு பெரிய கப்பலு, அப்படியே குறுக்கால மாட்டிக்கிச்சு.” அப்புறம் அதையே எழுத்து நடையில் எழுத வேண்டும். இரண்டும் தப்பில்லை, இடம்தான் வேறு என்பது குழந்தைக்கு இதில் தானாகப் புரியும். பேசுகிற தமிழைக் கேலி செய்து திருத்துகிற ஆசிரியரிடம் குழந்தை எழுதவும் பயப்படும்.

யார் சொன்னது

நான்காம் ஐந்தாம் வகுப்பு வந்துவிட்டால் இதைத் தவிர்க்க முடியாது. தாளில் ‘கூறப்படுகிறது’ என்பதன் கீழ் கோடு போடச் சொல்லுங்கள். யார் கூறினார்? செய்தியில் இல்லை. அப்படியானால் காற்றுதான் காரணம் என்பது நிச்சயமா? ‘தெரிவித்தார்’ என்றால் ஆள் இருக்கிறார். ‘கூறப்படுகிறது’, ‘எனத் தெரிகிறது’, ‘என நம்பப்படுகிறது’ என்றால் ஆள் ஒளிந்திருக்கிறார். ‘400 மீட்டர்’ அளந்து பார்க்கக்கூடிய தகவல், ‘மிகப் பெரிய’ என்பது செய்தியாளரின் பார்வை. இரண்டு நிறப் பென்சிலை வைத்துத் தகவலையும் கருத்தையும் பிரிக்கச் சொன்னால் பத்து வயதுக் குழந்தைகள் பெரியவர்களைவிடக் கறாராகப் பிரிப்பார்கள்.

இதே செய்தியை இன்னொரு இடத்தில் எப்படிச் சொல்லியிருக்கிறார்கள் என்று பார்ப்பதையும் பழக்குங்கள், இரண்டிலும் ஒன்றாக இருப்பது எது, ஒன்றில் மட்டும் இருப்பது எது என்று. ஏப்ரல் முதல் தேதி வரும் வாரத்தில் ஒரு பழைய கதை நன்றாகப் பயன்படும்: 1957 ஏப்ரல் 1 அன்று பிபிசியின் பனோரமா நிகழ்ச்சியில், சுவிட்சர்லாந்தில் மரத்திலிருந்து ஸ்பகெட்டி (மாவில் செய்யும் நூடுல்ஸ் மாதிரியான உணவு) அறுவடை செய்கிறார்கள் என்று காட்டினார்கள். அந்த மரத்தை எப்படி வளர்ப்பது என்று கேட்டவர்களும் உண்டு. குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும், ஏன் அத்தனை பேர் நம்பினார்கள் என்று மட்டும் கேளுங்கள்.

வயதும் வேறுபாடும்

ஒன்றாம் இரண்டாம் வகுப்பில் எழுத்து வேலையைக் குறையுங்கள். இரண்டே வாக்கியத்தைத் தாளில் கொடுத்து, கேட்ட சொல்லை வட்டமிடச் சொல்லலாம், ‘க’வில் தொடங்கும் சொற்களைத் தேடச் சொல்லலாம், செய்தியை மூன்று கட்டமாகப் படம் வரைந்து கீழே ஒரு சொல் எழுத வைக்கலாம். அவ்வளவு போதும்.

எழுத்துக்கூட்டுவதில் ரொம்பச் சிரமப்படுகிற குழந்தைகளுக்கு, டிஸ்லெக்ஸியா உள்ளவர்கள் உட்பட, இந்த முறையில் தனி லாபம் உண்டு. வாசிக்கத் தெரியவில்லை என்பதற்காகச் சின்னப் பிள்ளைகளின் கதையையே கையில் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை, வயதுக்குத் தகுந்த செய்தியைப் பற்றி மற்றவர்களோடு சமமாக வாதாடலாம். ஆனால் அவர்களுக்கு எழுத்துக்கூட்டும் பயிற்சி தனியாக நடந்துகொண்டே இருக்க வேண்டும், பாட்காஸ்ட் அதற்கு மாற்று ஆகாது. காது சரியாகக் கேட்காத குழந்தை இருந்தால் வரிசையை மாற்றி, தாளை முதலிலேயே கொடுத்துவிடுங்கள், கேள்விகளையும் எழுதிக் காட்டுங்கள். வகுப்பு மொழி வீட்டு மொழியாக இல்லாத குழந்தைக்கு முந்தின நாளே செய்தியின் சாரத்தை அதன் மொழியில் யாராவது சொல்லிவிட்டால் மறுநாள் பாதி வேலை முடிந்தது.

முன்னேற்றத்தைப் பார்க்கப் பெரிய தேர்வு தேவையில்லை. வாரத்தின் முதல் வாசிப்பில் ஒரு நிமிடத்தில் எத்தனை சொல், வெள்ளிக்கிழமை எத்தனை சொல் என்று குறித்து வையுங்கள். கூடவே, கேட்ட செய்தியைத் திருப்பிச் சொல்லும்போது ஆறு கேள்வியில் எத்தனைக்கு விடை வருகிறது என்பதையும். ‘என்ன’, ‘எங்கே’ சீக்கிரம் வரும். ‘ஏன்’ மெதுவாகத்தான் வரும். இந்த எண்களைக் குழந்தைகளுக்குள் ஒப்பிடாதீர்கள், அதே குழந்தையின் போன மாதத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

அவர்களே பாட்காஸ்ட் செய்வது

ஒரு பருவம் போனதும் அவர்களே ஒரு செய்தி அறிக்கை தயாரிக்கட்டும். கைபேசியின் ஒலிப்பதிவுச் செயலி போதும். பள்ளியில் நடந்தது ஒன்று, உலகச் செய்தி ஒன்று, வானிலை. மொத்தம் இரண்டு நிமிடம். எழுதாமல் பேசக்கூடாது என்பது மட்டும் கட்டாயம், ஏனென்றால் நமக்கு வேண்டியது எழுத்துதான். முக்கியமானது முதல் வாக்கியத்தில், விவரம் அடுத்து, இல்லாவிட்டாலும் நஷ்டமில்லை என்பது கடைசியில் என்ற செய்தி வடிவத்தை இங்கே சொல்லிக்கொடுங்கள். ஒருவர் எழுத, ஒருவர் தகவல் சரிபார்க்க, ஒருவர் வாசிக்க, ஒருவர் பதிவு செய்ய என்று வேலையைப் பிரித்து, அடுத்த முறை மாற்றிவிடுங்கள். பதிவைக் கேட்டதும் “இன்னொரு தடவை வாசிக்கிறேன்” என்று அவர்களே கேட்பார்கள், யாரும் சொல்லாமலே மறுவாசிப்பு நடக்கும். பதிவு செய்யும்போது ஜன்னலைச் சாத்திவிட்டு மின்விசிறியை நிறுத்தினால் ஒலி பாதிக்குப் பாதி தெளிவாகிவிடும்.

பதிவை இணையத்தில் போடுவதற்கு முன் ஒன்றுக்கு இரண்டு முறை யோசியுங்கள். குழந்தையின் குரல், முழுப்பெயர், பள்ளியின் பெயர் மூன்றும் ஒரே கோப்பில் இருந்தால் அதைப் பொதுவெளியில் வைக்கக்கூடாது. பெற்றோரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு, முதல் பெயரைக்கூடச் சொல்லாமல், வகுப்புக்கும் வீட்டுக்கும் மட்டும் பகிர்ந்தால் போதும். ஆண்டு முடிந்ததும் பதிவுகளைப் பெற்றோரிடம் கொடுத்துவிட்டு உங்கள் கைபேசியிலிருந்து அழித்துவிடுங்கள்.